ஏசியில் கேஸ் தீர்ந்துபோகாது

வெயில் உச்சத்துக்கு வரும் வாரத்தில்தான் வீட்டு ஏசி மக்கர் செய்கிறது. மெக்கானிக் வந்து சேர்வதற்கே மூன்று நாள் ஆகிறது. வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "பழைய மெஷின் சார், இதுல காசு போடாதீங்க, மாத்திடுங்க" என்கிறார். வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் அன்று மாலையே கடைக்குப் போய், மாதத் தவணை போட்டு, புது ஏசிக்குச் சொல்லிவிட்டு வருகிறோம். என்ன பழுது என்றே தெரியாமல் 40,000 ரூபாய்ச் செலவு முடிவாகிவிடுகிறது.

ஏசியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவைத்த காலம் போய்விட்டது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஏசியை அணைக்க முடியாத வீடுகளின் கணக்கும் அதில் சேர்ந்ததுதான். அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொள்ளச் சொல்லும் விளம்பரங்கள் கோடைதோறும் வருகின்றன. வாங்குவது எளிதாக எளிதாக, பழுது பார்க்கலாமே என்ற யோசனை பின்னுக்குப் போகிறது.

மாற்றலாமா என்ற கேள்விக்கு ஏசியின் வயதை மட்டும் கேட்டுப் பதில் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பழுது எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வயது அதற்குப் பிறகு.

குழாய்க்கு உள்ளேயா, வெளியேயா?

எந்த ஏசியையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். கம்ப்ரஸர், வீட்டுக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு காயில்கள், இவற்றை இணைக்கும் குழாய்கள், அவற்றுக்குள் சுற்றிவரும் கேஸ் ஆகியவை ஒரு பகுதி. இது முழுக்க மூடப்பட்ட ஒரு சுற்று. ஃபில்டர், ஃபேன் மோட்டார், கெபாசிட்டர், சென்சார், எலக்ட்ரானிக் போர்டு, வயர், தண்ணீர் வடியும் குழாய் எல்லாம் அந்தச் சுற்றுக்கு வெளியே இருப்பவை.

வெளியே உள்ளவற்றில் வரும் பழுதுக்காக ஏசியை மாற்றத் தேவையில்லை. உள்ளே தண்ணீர் சொட்டுகிறதா? பெரும்பாலும் வடிகுழாயில் அழுக்கு அடைத்திருக்கும். காற்று வருகிறது, குளிர் வரவில்லையா? முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். காயிலில் பனி கட்டியிருந்தால் உடனே கேஸ் குறைவு என்று சொல்லிவிடுகிறார்கள். அழுக்கேறிய ஃபில்டராலும் அதே பனி கட்டும்.

அவுட்டோர் யூனிட் உறுமிவிட்டு நின்றுபோனால் "கம்ப்ரஸர் போச்சு" என்ற பேச்சு வரும். பழைய வகை, அதாவது இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில், கெபாசிட்டர் செத்தாலும் இதே உறுமல்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. மீட்டர் வைத்துச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். சோதித்துக் காட்டச் சொல்லாமல் கம்ப்ரஸருக்குச் சம்மதம் தெரிவிக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் ஏசிகளில் போர்டுதான் பெரிய தலைவலி. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் கருகும். பல்லி புகுந்து ஷார்ட் ஆகும். எலி வயரைக் கடிக்கும். புதுப் போர்டு மாடலைப் பொறுத்து 4,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயைத் தாண்டியும் போகும். ஆனால், போர்டு முழுவதும் சாவது அபூர்வம். அதில் ஓரிரு உதிரிகள் கருகியிருக்கும். அவற்றை மட்டும் மாற்றித் தருபவர்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் இருக்கிறார்கள். நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் அந்த வழியைச் சொல்லமாட்டார். போர்டை மாற்றுவது மட்டுமே அவருடைய வேலை முறை.

'கேஸ் இறங்கிடுச்சு'

தமிழ்நாட்டு ஏசி வைத்தியத்தில் அதிகம் காதில் விழும் வாக்கியம் இதுதான். ஆண்டுக்கு ஒருமுறை 'டாப்-அப்' செய்ய வேண்டும் என்றுகூடப் பலர் நம்பிவிட்டார்கள். ஸ்கூட்டர் ஓட ஓடப் பெட்ரோல் தீர்வதைப்போல ஏசியில் கேஸ் தீராது. மூடிய சுற்றுக்குள் அதே கேஸ்தான் ஆயுள் முழுக்கச் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் 3,000 ரூபாய்க்குக் கேஸ் ஏற்றினால் அடுத்த கோடையில் மறுபடி 3,000. இப்படி மூன்று முறை ஏற்றியவர் கடைசியில் வெறுத்துப்போய்ப் புது ஏசி வாங்குகிறார். முதல் தடவையே ஓட்டையைத் தேடியிருந்தால் அந்த ஏசி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது வித்தை இல்லை, பொறுமை. குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை பூசிப் பார்த்தால் குமிழி கிளம்பும் இடம் தெரியும். கசிந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருப்பதையும் பார்க்கலாம். பல சமயம் அவுட்டோர் யூனிட்டின் நட் இணைப்பில்தான் கசிவு இருக்கும். குழாய் முனையைப் புதிதாக விரித்து இறுக்கினால் வேலை முடிந்தது. குளிர்சாதன வேலையில் சோதனைக்கு ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கும். உயிர் போகும் விஷயம் இது.

அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அதன் பிறகு தராசில் எடை பார்த்துக் கேஸ் ஏற்ற வேண்டும். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு லேபிளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தராசு இல்லாமல் கைக்கணக்கில் ஏற்றுபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கசிவு காயிலுக்குள்ளேயே இருந்தால் கதை வேறு. திருவான்மியூர், பெசன்ட் நகர், திருவொற்றியூர் எனக் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இது தெரியும். உப்புக்காற்றில் அவுட்டோர் காயிலின் அலுமினியத் தகடுகள் சில ஆண்டுகளிலேயே பொடிப்பொடியாக உதிர்கின்றன. ஓரிடத்தில் அடைத்தால் வேறோர் இடத்தில் கசியும். அத்தகைய காயிலுக்குப் பற்றவைப்பு வேலை பணத்துக்குப் பிடித்த கேடு. காயிலை மாற்ற வேண்டும், அல்லது ஏசியையே மாற்ற வேண்டும்.

எந்தக் கேஸ் என்று பாருங்கள்

லேபிளில் 'ஆர்-22' என்று இருந்தால் முடிவு கொஞ்சம் சுலபம். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்தக் கேஸை மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. 2025 தொடக்கத்திலிருந்து புதிய சாதனங்களின் தயாரிப்பில் அதற்கு இடமில்லை. பழையவற்றைப் பழுது பார்க்க மட்டும் கிடைக்கிறது, வரத்தும் குறைந்துகொண்டே போகும். ஆர்-22 ஏசியில் கெபாசிட்டர் போனால் மாற்றுங்கள். அதன் மூடிய சுற்றைத் திறக்க வேண்டி வந்தால் விடைகொடுத்துவிடலாம்.

சிலர் ஆர்-22 இயந்திரத்தில் ஆர்-32 கேஸை ஏற்றித் தருவதாகச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் இயங்கும் அழுத்தம் வேறு, எண்ணெய் வேறு. ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியதும்கூட.

இப்போது விற்கும் ஏசிகளில் பெரும்பாலானவற்றில் ஆர்-32 இருக்கிறது, சிலவற்றில் ஆர்-290. இடைப்பட்ட ஆண்டுகளில் வந்தவற்றில் ஆர்-410ஏ. இவை ஓசோனைக் கெடுப்பதில்லை என்றாலும் ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெப்பத்தைப் பூமியில் தேக்கும். ஒரு வீட்டு ஏசிக்குள் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் டாப்-அப் சடங்கின் விலை நம் பையோடு நிற்பதில்லை.

மின்கட்டணம் மிச்சமாகுமா?

"புது ஃபைவ் ஸ்டார் வாங்கினால் கரண்ட் பில்லிலேயே காசு திரும்பிவிடும்" என்று கடையில் சொல்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று இருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. இரவில் 8 மணி நேரம் என்றால் 200 இரவுகள். இன்றைய ஒன்றரை டன் ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசிக்கு இது தோராயமாக 750 முதல் 800 யூனிட். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய இன்வெர்ட்டர் இல்லாத ஏசிக்கு 1,200 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 400 யூனிட். யூனிட் 8 அல்லது 9 ரூபாய் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 3,500 ரூபாய் அளவில்தான் நிற்கும்.

பொருத்தும் கூலி, கூடுதல் செம்புக் குழாய், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்துப் புது ஏசிக்கு 45,000 ரூபாய் ஆகிறது என்றால், அந்தப் பணம் திரும்ப 12, 13 ஆண்டுகள் ஆகும். அதற்குள் புது ஏசியும் பழசாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ஏசியை மின்சாரச் சிக்கனத்துக்காக மட்டும் மாற்றுவது, இரவில் மட்டும் ஏசி போடும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. கோடையில் இரண்டு மாதம் மட்டும் போடுபவர்கள் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

பழுதுச் செலவு 15,000 ரூபாய் என்று வந்தால் கணக்கு மாறுகிறது. புதியதற்கும் பழுதுக்கும் உள்ள வித்தியாசம் 30,000 ரூபாய்தான். எட்டு, ஒன்பது ஆண்டுகளில் திரும்பிவிடும். பழுது பார்த்த பழைய ஏசி அதுவரை ஓடும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். பகலிலும் ஏசி போட்டு வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும், படுக்கையில் நோயாளி இருக்கும் வீட்டுக்கும் இந்தக் காலம் பாதியாகக் குறையும். அவர்கள் மாற்றுவதே நல்லது.

தமிழ்நாட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்டணம். 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த கூடுதல் மானியமும் போய்விடும். உங்கள் வீட்டுக் கோடைக்கால ரீடிங் 550, 600 என்று எல்லைக்குச் சற்று மேலே நிற்கிறது என்றால், சிக்கனமான ஏசி அதை 500-க்குக் கீழே இறக்கக்கூடும். ஏற்கெனவே 900 யூனிட் ஓடும் வீட்டில் ஒரு ஏசியை மாற்றி அந்த எல்லைக்குள் வருவது நடக்காது. ஆனால், அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிய யூனிட். கடைக்குப் போகும் முன் ஈபி கார்டை எடுத்துக் கடந்த கோடையின் ரீடிங்கைப் பாருங்கள்.

நட்சத்திரத்தை நம்பும்போது ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். 2018 அட்டவணைப்படி ஸ்பிளிட் ஏசியின் திறன் எண் 4.5 இருந்தால் ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் அது 5 ஆக உயர்ந்தது. 2019-ல் ஐந்து நட்சத்திரத்தோடு வாங்கிய ஏசி அதே சிக்கனத்தோடுதான் ஓடுகிறது. "இப்போ அது ஃபோர் ஸ்டார்தான்" என்று பயம்காட்டி மாற்ற வைக்க இடம் கொடுக்காதீர்கள்.

தயங்காமல் மாற்ற வேண்டியவை

கம்ப்ரஸர் உண்மையாகவே எரிந்துபோய், வாரண்டியும் முடிந்து, வயதும் எட்டு ஆண்டைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடலாம். கம்ப்ரஸர் எரியும்போது உள்ளே அமிலம் உண்டாகிறது. குழாய்களை முழுக்கக் கழுவி, டிரையரையும் மாற்றாமல் புதுக் கம்ப்ரஸரை மாட்டினால் அதுவும் சீக்கிரம் எரியும். அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் ஆள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

வாரண்டியைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. பல நிறுவனங்கள் முழு ஏசிக்கு ஓராண்டும் கம்ப்ரஸருக்கு 10 ஆண்டும் வாரண்டி தருகின்றன. ஏழாம் ஆண்டில் கம்ப்ரஸர் போனால் பில்லைத் தேடாமலே பலர் ஏசியைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கேஸுக்கும் கூலிக்கும் தனியாகக் கேட்பார்கள் என்பது உண்மைதான். அதைச் சேர்த்தாலும் புது ஏசியின் விலையில் சிறு பகுதிதான்.

குளிரவில்லை என்பதாலேயே ஏசி கெட்டுவிட்டது என்று ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் நள்ளிரவுவரை அனலைக் கக்கும். அங்கே ஒரு டன் ஏசி திணறுவது இயற்கை. மாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் அதே ஏசி குளிர்விக்கும். அடுக்ககங்களில் குறுகிய சந்துக்குள் எதிரும் புதிருமாக அவுட்டோர் யூனிட்டுகளை மாட்டியிருக்கிறார்கள். ஒன்று தள்ளும் அனலை மற்றொன்று உறிஞ்சுகிறது. அங்கே எத்தனை புது ஏசி மாட்டினாலும் அதே நிலைதான்.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் பாடு தனி. ஏசியை வாங்குபவர் வீட்டுக்காரர், பில் கட்டுபவர் குடியிருப்பவர். அதனால் மலிவான ஒன்றையோ எக்ஸ்சேஞ்சில் போன பழையதையோ மாட்டிவிடுகிறார்கள். நாம் கடையில் கொடுத்துவிட்டு வரும் பழைய ஏசிகளில் பல, இப்படி வசதி குறைந்தவர்களின் அறைக்குப் போய் அவர்களுடைய மின்கட்டணத்தை ஏற்றுகின்றன. மீதி காயலான் கடைக்குப் போகின்றன. செம்புக்காகக் குழாயை வெட்டும் அந்த நிமிடம் உள்ளே இருக்கும் கேஸ் முழுவதும் காற்றில் கலக்கிறது. மின்னணுக் கழிவு விதிகளின்படி ஏசியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பு நிறுவனத்துக்கு இருக்கிறது. கடைவாசலில் அந்தப் பொறுப்பை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

இனி என்ன செய்யலாம்?

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது, பழுதை எழுதி வாங்குவது. எந்தப் பாகம், எப்படிச் சோதித்தார், என்ன விலை, எத்தனை மாத உத்தரவாதம் என்று ஒரு காகிதத்தில் இருக்கட்டும். பத்தாயிரத்தைத் தாண்டினால், ஏசி விற்காத இன்னொரு மெக்கானிக்கிடம் அதைக் காட்டுங்கள். பழுது கண்டுபிடிப்பவரும் புது ஏசி விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போது அவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. புழுக்கத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறிப்போவதால், மாசி மாதத்திலேயே சர்வீஸ் முடித்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஏசியின் ஆண்டு, நட்சத்திரம், பழுதுச் செலவு யாருடையது என்பதை எழுதிவையுங்கள்.

வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

நிறுவனங்கள் தங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் உதிரிபாகங்களின் விலையையும், அவை எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதையும், பிழைக் குறியீடுகளின் விளக்கத்தையும் வெளிப்படையாகத் தர வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை 2022-ல் தொடங்கிய மத்திய அரசு, இதைக் கட்டாயமாக்க வேண்டும். ஐந்து ஆண்டில் போர்டு கிடைக்காமல் போகும் ஏசிக்குப் பத்தாண்டுக் கம்ப்ரஸர் வாரண்டி இருந்து என்ன பயன்?

மாநில அரசுக்கும் வேலை இருக்கிறது. 2019-ல் வெளியான தேசியக் குளிர்விப்புத் திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சி என்ற இலக்கை வைத்தது. நம் ஐடிஐ-க்களில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பு இரண்டாண்டு இருக்கிறது. ஆனால், தெருவில் வேலை செய்பவர்களில் பலர் இன்னொருவருக்கு உதவியாளாகப் போய்க் கற்றவர்கள். அவர்களைக் குறைசொல்வதைவிட, மாலை நேரக் குறுகியகாலப் பயிற்சியும் அடையாளச் சான்றும் கொடுப்பது நல்லது. நைட்ரஜன் சிலிண்டர், வேக்குவம் பம்ப், தராசு, கேஸை மீட்கும் கருவி ஆகியவை தனி ஆளால் வாங்க முடியாத விலை. வட்டாரத்துக்கு ஓரிடத்தில் இவற்றை நாள் வாடகைக்குக் கிடைக்கச் செய்யலாம். அதே இடத்தில் மீட்ட கேஸைக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலைகொடுத்து வாங்கிக்கொண்டால், பழைய ஏசியைக் கழற்றும் மெக்கானிக் அதைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு வருவார்.